செஸ் பலகையைச் சுற்றி: வன்னிப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஊர் வாசிகசாலையில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். தருமபுரம், விசுவமடுப் பக்கமிருந்தும் சிலர் சைக்கிளில் வருவார்கள். பிள்ளைகள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. வலய மட்டப் போட்டி நெருங்கினால் பெற்றோரும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டை மிச்சம். கட்டங்களின் எழுத்துகளை வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன்: ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச். வெள்ளை ஆடுகிறவரின் இடது கை மூலை ஏ1, வலது கை மூலை எச்1. எழுத்து மேல்கீழாக ஓடும் நிரலைக் காட்டும், எண் வெள்ளைப் பக்கமிருந்து எண்ணும் வரிசையைக் காட்டும்.

மூலையில் நிற்கும் காய் கோட்டையா, யானையா, தேரா?

எல்லாம் ஒன்றுதான். இங்கே கோட்டை என்கிறோம், தமிழ்நாட்டுக்காரர் பலர் யானை என்பார்கள், தேர் என்பவர்களும் உண்டு. அங்கிருந்து வரும் யூடியூப் காணொளிகளைப் பார்க்கும் பிள்ளைகள்தான் குழம்புகிறார்கள். பிஷப்புக்கும் மந்திரி, அமைச்சர் என்று பல பெயர். பழைய ஆட்களிடம் மந்திரி என்றால் ராணியைக் காட்டுவார்கள், அதையும் கவனிக்க வேண்டும். நான் இங்கே ராசா, ராணி, கோட்டை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன்.

அப்பப்பா சிப்பாயை ஒரு கட்டம் மட்டும்தான் நகர்த்துகிறார். ராசாவைக் குதிரை மாதிரி ஒருதரம் பாயவும் விடுகிறார். அவர் ஆடுவது பிழையா?

பிழையில்லை, அது வேறு விதி. இந்தியப் பக்கத்துப் பழைய ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ராசாவுக்கு ஒரே ஒருமுறை குதிரைப் பாய்ச்சல் உண்டு. கடைசி வரிசைக்குப் போன சிப்பாய், அந்த நிரலுக்குரிய காயாகத்தான் மாறும்: குதிரை நின்ற நிரலில் போனால் குதிரை, பிஷப் நின்ற நிரலில் போனால் பிஷப். இன்றைய சர்வதேச விதியில் இவை எதுவும் இல்லை.

அதற்காக அப்பப்பாவைக் குறைவாக எண்ண வேண்டாம். பஞ்சாப்பில் பிறந்த மீர் சுல்தான் கான் இந்த இந்திய முறையில்தான் ஆட்டம் பழகினார். பிறகு ஐரோப்பிய விதிகளைக் கற்றுக்கொண்டு இங்கிலாந்து போய், 1929, 1932, 1933 என மூன்று தடவை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 2024இல்தான் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. ஆகவே வீட்டில் அப்பப்பாவோடு அவர் விதியில் ஆடுங்கள். போட்டியில் ஃபிடே விதியில் ஆடுங்கள். இரண்டையும் ஒரே பலகையில் கலக்காவிட்டால் சரி.

தனி ராசா மட்டும் மிஞ்சினால் 16 நகர்வு எண்ணி சமநிலை கேட்கலாம்தானே?

இல்லை. சிலர் 16 என்பார்கள், சிலர் 21. இரண்டும் வீட்டு விதி. ஃபிடே விதி 50 நகர்வு: இரு பக்கமும் தொடர்ந்து 50 நகர்வுகள் ஆடி, அதற்குள் எந்தச் சிப்பாயும் நகராமல், எந்தக் காயும் வெட்டுப்படாமல் இருந்தால் சமநிலை கேட்கலாம். ஒருவரும் கேட்காமல் 75 ஆகிவிட்டால் ஆட்டம் தானாகவே சமநிலை. அதேபோல ஒரே நிலை, அதே ஆளின் முறையில், மூன்று தடவை வந்தால் கேட்கலாம். ஐந்து தடவை வந்தால் தானாக முடியும். மூன்று தடவையும் அடுத்தடுத்து வர வேண்டும் என்றில்லை.

எதிராளி சிப்பாயை என் சிப்பாய்க்குப் பக்கத்தில் வைத்தான். நான் அதைக் குறுக்கால் வெட்டினேன். அவன் களவு என்கிறான்.

அது களவில்லை, அதன் பெயர் ஆன்பசான். வாசிகசாலையில் அதிகம் சண்டை வருவது இதனால்தான்.

ஏன் இப்படி ஒரு விதி வந்தது என்று தெரிந்தால் மறக்காது. முந்தி சிப்பாய் எங்கேயும் ஒரு கட்டம்தான் போகும். ஆட்டத்தை விரைவாக்க, முதல் நகர்வில் இரண்டு கட்டம் போகலாம் என்று ஐரோப்பாவில் மாற்றினார்கள். உடனே ஒரு சிக்கல்: ஐந்தாம் வரிசைவரை முன்னேறிக் காவல் நிற்கும் என் சிப்பாயின் வாயில் விழாமல், எதிராளி ஒரே தாவலில் அதைக் கடந்துவிடுகிறான். அந்தக் குறுக்குவழியை அடைக்கத்தான் இந்த விதி. அவன் இரண்டு கட்டம் தாவினாலும், ஒரு கட்டம் மட்டுமே வந்ததாக எண்ணி நான் வெட்டலாம்.

உதாரணம்: என் வெள்ளைச் சிப்பாய் ஈ5இல் நிற்கிறது. கறுப்பு டி7 சிப்பாய் நேரே டி5க்குத் தாவுகிறது. நான் டி6க்குப் போய் அந்த டி5 சிப்பாயை எடுத்துவிடுகிறேன். சிப்பாயைச் சிப்பாய்தான் இப்படி வெட்டலாம். அதுவும் உடனடியாக அடுத்த நகர்விலேயே. ஒரு நகர்வு தவறினால் அந்த உரிமை போய்விட்டது.

தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டுமா?

ஆம். உங்கள் முறையில் உங்கள் காயை வேண்டுமென்றே தொட்டால், விதிப்படி அதற்கு ஒரு நகர்வு இருக்குமானால், அதையே நகர்த்த வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால் அதை வெட்ட வேண்டும், வெட்ட வழி இருந்தால். காயைக் கையில் பிடித்திருக்கும்வரை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று யோசிக்கலாம். கையை விட்டால் முடிந்தது. சட்டை முழங்கை பட்டு விழுந்தால் அது தொட்ட கணக்கில் வராது. கோணலாக நிற்கும் காயை நேராக்க வேண்டுமென்றால், உங்கள் முறை வரும்போது, முதலில் “சரிசெய்கிறேன்” என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். தொட்டபிறகு சொன்னால் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

கோட்டை கட்டும்போது எந்தக் காயை முதலில் தொடுவது?

ராசாவை. ராசா கோட்டைப் பக்கம் இரண்டு கட்டம் போக, கோட்டை அதைத் தாண்டி மறுபக்கத்தில் வந்து நிற்பதுதான் கோட்டை கட்டுவது. ராசா முதலில் என்பதை மட்டும் தலைகீழாக நின்றாலும் மறக்கக்கூடாது. எங்களிடம் படித்த ஒரு பெடியன் ஒரு போட்டியில் முதலில் கோட்டையைத் தூக்கினான், பிறகு ராசாவை. எதிரே இருந்த பிள்ளை கையை உயர்த்தியது. நடுவர் வந்து, “கோட்டையைத்தான் நகர்த்த வேண்டும்” என்றார். நடுவர் சொன்னது சரி. ராசா நடுவிலேயே மாட்டிக்கொண்டது, எட்டு நகர்வில் ஆட்டம் போனது. “சேர், வீட்டில எப்பவும் அப்பிடித்தானே விளையாடுறனான்” என்று அழுதான். வீட்டில் அப்படி விட்டது என் பிழையும்தான்.

கையும் ஒன்றுதான் பாவிக்க வேண்டும். இரண்டு கையாலும் ராசாவையும் கோட்டையையும் ஒரே நேரத்தில் நகர்த்தினால் விதிமீறல். எந்தக் கையால் காயை நகர்த்தினீர்களோ அதே கையால் மணிக்கூட்டை (இருவரின் நேரத்தையும் தனித்தனியே எண்ணும் போட்டி மணிக்கூடு) அமத்த வேண்டும்.

எப்போது கட்டலாம் என்பதில்தான் அரைகுறை அறிவு அதிகம். ராசாவும் அந்தப் பக்கத்துக் கோட்டையும் அதுவரை நகர்ந்திருக்கக்கூடாது, இடையில் காய் நிற்கக்கூடாது, ராசா அந்த நேரத்தில் செக்கில், அதாவது எதிராளியின் தாக்குதலில், இருக்கக்கூடாது, அது கடக்கும் கட்டமும் போய் நிற்கும் கட்டமும் எதிராளியின் தாக்குதலில் இருக்கக்கூடாது. இந்தத் தாக்குதல் கதையெல்லாம் ராசாவுக்குத்தான். கோட்டையைத் தாக்கிக்கொண்டிருந்தாலும் கட்டலாம். முந்தி ஒரு தடவை செக் வாங்கி, ராசாவை நகர்த்தாமல் இடையில் காயை வைத்துத் தடுத்திருந்தாலும் கட்டலாம்.

“செக்” என்று சொல்லாமல் விட்டால் செக் செல்லாதா? எதிராளி கவனிக்காவிட்டால் ராசாவை வெட்டலாமா?

சொல்ல வேண்டும் என்று விதி இல்லை. பெரிய போட்டிகளில் ஒருவரும் சொல்வதில்லை. ராசாவை வெட்டவே முடியாது. எதிராளி செக்கைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்தி மணிக்கூட்டையும் அமத்திவிட்டால், அது செல்லாத நகர்வு. மணிக்கூட்டை நிறுத்தி நடுவரைக் கூப்பிடுங்கள். முதல் தடவைக்கு வழமையான நீண்ட ஆட்டத்தில் உங்களுக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், இரண்டாம் தடவை அவர் தோற்றார். ரேப்பிட், பிளிட்ஸ் என்ற வேக ஆட்டங்களில் நீங்கள் பதில் நகர்வைச் செய்யுமுன்னரே முறையிட வேண்டும். ஆடிவிட்டுப் பிறகு “அப்போது செக்கில் நின்றான்” என்றால் ஒன்றும் நடக்காது.

முதலில் எந்தத் தொடக்க ஆட்டம் பழக வேண்டும்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது: “கடைசியாகத் தோற்ற ஆட்டத்தில் எத்தனையாவது நகர்வில் காயை விட்டாய்?” பெரும்பாலும் பதில் பதினைந்து, இருபது. அதாவது தொடக்கம் முடிந்து, யோசிக்க வேண்டிய இடத்தில் யோசிக்காமல் விட்டது. தொடக்கத்தை மனப்பாடம் செய்து அதற்கு மருந்து போட முடியாது.

இருந்தாலும் கையில் ஒன்று வேண்டும்தானே. வெள்ளைக்கு இத்தாலியன் போதும்: சிப்பாய் ஈ4, கறுப்பு ஈ5, குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6, பிஷப் சி4. காய்கள் வேகமாக வெளியே வரும், ராசா நாலாவது ஐந்தாவது நகர்வில் பத்திரமாகும், எஃப்7 மேல் ஒரு கண்ணும் இருக்கும். கறுப்பாக ஆடும்போது ஈ4க்கு ஈ5, டி4க்கு டி5. ஒரு வருடம் இதோடு ஓட்டலாம். சிசிலியன், கிங்ஸ் இந்தியன் எல்லாம் நல்லவைதான், ஓடிவிடாது.

வயலுக்குத் தண்ணீர் கட்டுமுன் வரம்பைப் பார்ப்பது போல, ஒவ்வொரு நகர்வுக்கும் முன் ஒரு வேலை உண்டு: எதிராளி இப்போது வைத்த காய் எதைத் தாக்குகிறது, எதைக் காக்காமல் விட்டுவிட்டு வந்தது? இந்த இரண்டையும் பார்க்காமல் எந்தத் தொடக்கமும் பலிக்காது.

நாலு நகர்வில் மேட் வாங்குகிறேன். எப்படித் தப்புவது?

மேட் என்றால் செக்கிலிருந்து ராசா தப்ப வழியே இல்லாத நிலை, அதோடு ஆட்டம் முடிந்தது. வெள்ளை ஈ4, நீங்கள் ஈ5. வெள்ளை ராணி உடனே எச்5க்கு வருகிறது. இங்கே பயந்துபோய் ஜி6 வைத்து ராணியை விரட்டப் பார்க்கிறார்கள். அப்போது ராணி ஈ5 சிப்பாயை வெட்டிச் செக் போடும், அதே நேரம் எச்8 கோட்டையையும் பிடிக்கும். மேட்டுக்குப் பயந்து கோட்டையைப் பறிகொடுத்த கதை.

சரியான வரிசை: முதலில் குதிரை சி6, ஈ5 சிப்பாய்க்குக் காவல். பிஷப் சி4க்கு வந்து எஃப்7இல் மேட் மிரட்டும்போது ஜி6. ராணி எஃப்3க்குப் போய்த் திரும்பவும் மிரட்டினால் மற்றக் குதிரை எஃப்6. இனி வெள்ளை ராணி ஓடித்திரிய வேண்டியதுதான், உங்கள் இரண்டு குதிரைகளும் வெளியே வந்துவிட்டன. இதைத் தெரிந்த பிள்ளைக்கு எதிரில் யாராவது ராணியை எச்5க்குக் கொண்டுவந்தால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள்.

லண்டன் சிஸ்டம் நல்லதா? எல்லாரும் அதைத்தான் ஆடுகிறார்கள்.

அது வெள்ளைக்கான ஒரு தொடக்கம்: டி4, பிஷப் எஃப்4, பிறகு ஈ3, குதிரை எஃப்3, சி3, பிஷப் டி3. நல்ல, உறுதியான கட்டு. ஆனால் எதிராளி என்ன வைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அதே ஆறு நகர்வையும் வைக்கும் பழக்கம் பிள்ளைகளிடம் வந்துவிடுகிறது. சும்மா கிடந்த குதிரையை வெட்டாமல் சி3 வைத்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். பதினாலு வயதுக்குப் பிறகு ஆடட்டும் என்பது என் கட்சி. மற்றப் பயிற்சியாளர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஃபோர்க், பின், ஸ்கியூவர் என்றால் என்ன?

ஃபோர்க் என்பது ஒரே காய் இரண்டு காய்களை ஒன்றாகத் தாக்குவது. குதிரைதான் இதில் கெட்டிக்காரன். வெள்ளைக் குதிரை சி7இல் இறங்கினால் ஈ8 ராசாவுக்குச் செக், ஏ8 கோட்டைக்கும் குறி. ராசா விலகத்தான் வேண்டும், கோட்டை போகும். கறுப்பாக ஆடுகிறவர்கள் சி7 கட்டத்தை யார் காக்கிறார்கள் என்று எப்போதும் தெரிந்திருக்க வேண்டும்.

பின் என்ற சொல்லை முதலில் கேட்ட ஒரு சிறுமி, “பின்னால் நிற்கிறதா சேர்?” என்றாள். ஆங்கிலத்தில் அதற்குக் குத்திவைப்பது என்று பொருள், ஆனால் அவள் சொன்னதும் பொருந்திவிட்டது. முன்னால் நிற்கும் காய் நகர முடியாது, ஏனென்றால் பின்னால் அதைவிடப் பெரியவர் நிற்கிறார். பின்னால் நிற்பது ராசாவானால் முன்னால் நிற்பது நகரவே கூடாது. ராணியானால் நகரலாம், விலைதான் பெரிது. ஸ்கியூவர் இதன் மறுபக்கம்: பெரிய காய் முன்னால், சின்னது பின்னால். பெரியது விலகியதும் சின்னதை வெட்டுகிறோம்.

“பின்னால் ராணி நிற்கிறது, குதிரை அசையாது” என்று நம்பிக் கெட்டவர்கள் நிறைய. அதற்கென்றே ஒரு பழைய பொறி இருக்கிறது, பிரான்ஸ்காரர் லேகால் பெயரில். ஈ4 ஈ5, குதிரை எஃப்3, கறுப்பு டி6. பிஷப் சி4, கறுப்பு பிஷப் ஜி4க்கு வந்து குதிரையைக் கட்டிப்போடுகிறது. மற்ற வெள்ளைக் குதிரை சி3, கறுப்பு ஜி6 என்று சும்மா ஒரு நகர்வு. இப்போது வெள்ளைக் குதிரை ராணியை விட்டுவிட்டு ஈ5 சிப்பாயை வெட்டுகிறது! ஆசைப்பட்டுப் பிஷப் ராணியை வெட்டினால், வெள்ளை பிஷப் எஃப்7இல் செக், ராசா ஈ7க்கு வர வேண்டும், சி3 குதிரை டி5க்குப் பாய மேட். ராணியை வெட்டாமல் குதிரையை வெட்டினாலும் வெள்ளை ராணி ஜி4 பிஷப்பை எடுத்து ஒரு சிப்பாய் லாபம்.

ஆனால் கறுப்பு ஜி6க்குப் பதில் குதிரையை சி6க்குக் கொண்டுவந்திருந்தால் இந்தப் பொறி வேலை செய்யாது. அந்தக் குதிரை ஈ5இல் வெட்டும், ஜி4 பிஷப்புக்கும் காவலாகும். வெள்ளைக்கு ஒரு குதிரை நட்டம். காணொளியில் பார்த்த பொறியைப் போடுமுன் எண்ணிப் பார்க்கச் சொல்வது இதற்குத்தான்.

நல்ல ஆட்டம் ஆடிக்கொண்டு வந்தேன். திடீரென்று கடைசி வரிசையில் மேட்.

கோட்டை கட்டிய ராசாவுக்கு முன்னால் மூன்று சிப்பாய்களும் அசையாமல் நின்றால், அது வீட்டுக்கு ஒரே வாசல் வைத்தது மாதிரி. நேரம் கிடைக்கும்போது எச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ஒரு யன்னல் திறந்துவிடுங்கள்.

ராணி இருக்கிறது, எதிராளியிடம் ராசா மட்டும். ஆனாலும் சமநிலை என்றார்கள். இது என்ன நியாயம்?

ஸ்டேல்மேட். எதிராளியின் முறை, அவர் செக்கில் இல்லை, ஆனால் நகர்த்த ஒரு நகர்வும் இல்லை. அவ்வளவுதான், ஆளுக்கு அரைப் புள்ளி. கறுப்பு ராசா ஏ8இல் இருக்கும்போது ராணியை பி6இல் வைத்துப் பாருங்கள், புரியும். வெல்லும் பக்கம் ஒவ்வொரு நகர்வுக்கும் முன், “அவனுக்குப் போக ஒரு கட்டம் விட்டேனா?” என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தோற்கும் பக்கமோ கடைசிவரை சரணடையக்கூடாது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆட்டத்தில் முக்கியமாக.

எனக்கு நேரம் முடிந்துவிட்டது, எதிராளியிடம் ராசா மட்டும். தோல்வியா?

சமநிலை. எந்த வழியிலும் மேட் போட முடியாத ஆளுக்கு நேரத்தால் வெற்றி கிடையாது. அவரிடம் ஒரு சிப்பாய் இருந்தாலும் கதை வேறு.

கடைசி ஆட்டம் (பலகையில் காய்கள் குறைந்தபிறகு வரும் இறுதிப் பகுதி) சலிப்பாக இருக்கிறது. அவசியமா?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது, கடைசி ஆட்டம். சென்னைப் பெடியன் குகேஷுக்கு வயது 18, கறுப்புக் காய்கள். எதிரில் சாம்பியன் டிங் லிரன். எல்லாரும் சமநிலை என்று எழுந்து போகப் பார்த்த நேரம், 55ஆவது நகர்வில் டிங் கோட்டையை எஃப்2க்குக் கொண்டுவந்தார். குகேஷ் கோட்டையைக் கோட்டையால் மாற்றினார், பிறகு பிஷப்பைப் பிஷப்பால் மாற்றினார். மிஞ்சியது ராசாக்களும் சிப்பாய்களும், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூட. 58ஆவது நகர்வில் அவருடைய ராசா ஈ5க்கு வந்து, ஈ3இல் நின்ற வெள்ளை ராசாவுக்கு நேரே, ஒரு கட்டம் இடைவெளியில் நின்றது. டிங் சரணடைந்தார். 7½க்கு 6½, உலகச் சாம்பியன்.

அந்த முகத்துக்கு முகம் நிற்பதற்கு ஒப்போசிஷன் என்று பெயர். யார் முதலில் நகர வேண்டுமோ அவர் வழிவிட வேண்டும். ராசாவும் ஒரு சிப்பாயும் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலத்தில் இதைப் பழகலாம். உலகச் சாம்பியன் பட்டம் இதில் முடிவானது என்றபிறகு, எங்கள் வாசிகசாலையில் ஒருவரும் சலிப்பு என்று சொல்வதில்லை. சொன்னாலும் மெதுவாகத்தான் சொல்கிறார்கள்.

செஸ் படித்தால் புலமைப்பரிசிலில் புள்ளி கூடுமா?

அம்மாக்களின் கேள்வி. அப்படி ஒரு வாக்குறுதி என்னால் தர முடியாது. ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்து யோசிக்கப் பழகுகிறார்கள், தோற்றபின் கைகொடுக்கப் பழகுகிறார்கள். அதுவரை கண்ணால் கண்டேன்.

ரேட்டிங் (ஒருவரின் ஆட்டத் திறனைக் காட்டும் எண்) எப்படி எடுப்பது?

ஃபிடே அங்கீகரித்த ரேட்டிங் போட்டிகளில், ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து மிகக் குறைந்த ரேட்டிங் 1400. முதல் வருடமே அதன் பின்னால் ஓடி, பஸ்சுக்கும் தங்குமிடத்துக்கும் காசைக் கொட்ட வேண்டாம்.

போனில் பழகலாமா?

லிச்செஸ் என்ற செஸ் செயலி இலவசம், விளம்பரமும் இல்லை. அதில் புதிர்கள் ஒரு நாளைக்குப் பத்துச் செய்தால் போதும். மூன்று நிமிட பிளிட்ஸ் மட்டும் ஆடிக்கொண்டிருந்தால் கை வேகமாகும், கண் வேகமாகாது. மாரி காலத்தில் சிக்னல் போகும், கரண்டும் போகும். அப்போது பலகையை எடுங்கள். போட்டி மண்டபத்துக்குள் போனைக் கொண்டுபோகவே வேண்டாம், பையில் கிடந்து மணி அடித்தாலும் ஆட்டம் போகலாம்.

சிப்பாய் கடைசிக்குப் போய்விட்டது, ஆனால் என் ராணி இன்னும் பலகையில் இருக்கிறது. இன்னொரு ராணி எடுக்கலாமா? கோட்டையைக் கவிழ்த்து வைக்கட்டுமா?

எடுக்கலாம், எத்தனை ராணியும் வைத்திருக்கலாம். கோட்டையைக் கவிழ்த்து மட்டும் வைக்காதீர்கள். போட்டியில் கவிழ்ந்த கோட்டையும் கோட்டைதான். மணிக்கூட்டை நிறுத்தி நடுவரிடம் ராணி கேளுங்கள்.

செட்டில் ஒரு கறுப்புக் குதிரை தொலைந்துவிட்டது. புதுசு வாங்க வேண்டுமா?

வேண்டாம். யுத்த காலத்தில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் நாங்கள் ஆடிய செட்டில் பாதிக் காய் சோடா மூடி. எது குதிரை, எது பிஷப் என்று மூடிக்கு உள்ளே பேனையால் எழுதியிருப்போம். கவிழ்த்து வைத்தபிறகு எழுத்துத் தெரியாது, மறந்தால் தூக்கிப் பார்க்க வேண்டும். தூக்கினால் அண்ணா “தொட்டாச்சு, நகர்த்து” என்பார். நீங்கள் மூடியின் மேலே எழுதுங்கள்.